இசோகாய் தொடாத பிஸ்கட்

"எழுந்திரிக்க வேணாம், எழுந்திரிக்க வேணாம். கைய மட்டும் நீட்டு."

மூன்றாம் மாடி, கார்ட்டூன் படங்களுக்கு வண்ணம் சேர்க்கும் பிரிவு. நுமாட்டா வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறார். தோளில் துணிப்பை, கையில் மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றிய பிஸ்கட். திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் யாராவது கையை நீட்டினால் கொடுத்துவிட மாட்டார். முகம் நிமிரும்வரை அப்படியே நிற்பார். நிமிர்ந்ததும் உள்ளங்கையில் வைத்து, "லாஸ் ஏஞ்சல்ஸ். வெண்ணெய் போட்டது," என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வார்.

புதிதாகச் சேர்ந்த ஹனாவா என்ற பெண் காதில் மாட்டியிருந்ததை ஒரு பக்கம் விலக்கிக்கொண்டு, "பார்சல்னா கீழ ரிசப்ஷன்ல குடுத்துடுங்க ஐயா. இங்க வாங்க மாட்டோம்," என்றாள்.

"பார்சல் இல்லம்மா, பிஸ்கட்டு. நானும் இந்தக் கம்பெனிதான்."

"எந்த டிபார்ட்மென்ட்?"

"விக்கிறது."

பின்னாலிருந்தவன் அவள் நாற்காலியைக் காலால் இடித்து, "அடியே, அதுதான் நுமாட்டா சான். எழுந்து கும்பிடு," என்று கிசுகிசுத்தான். அவள் பதறி எழுந்து குனிந்த வேகத்தில் தலை விளக்கில் முட்டிக்கொண்டது. நுமாட்டாவுக்குக் கும்பிடைவிட அவள் தலை முக்கியம். "வலிக்குதா? இந்தா, இன்னொண்ணு," என்று இரண்டாவது பிஸ்கட்டையும் கொடுத்துவிட்டார்.

வெளியூர் போனவர் கையை வீசிக்கொண்டு திரும்பி வரக் கூடாது, ஆளுக்கு ஒன்றாவது வாங்கி வர வேண்டும் என்பது எந்த அலுவலகத்திலும் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? ரயில் நிலையத்தில் ஒரு பெட்டி வாங்கி, காபி எந்திரத்தின் பக்கத்தில் வைத்து, 'எடுத்துக்கொள்ளவும்' என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அதோடு கடமை முடிந்தது. நிர்வாகப் பிரிவிலிருந்து நுமாட்டாவுக்கும் தன்மையாக ஒரு கடிதம் போனது: இப்போது நாம் நிறையப் பேர், தங்களுக்கு ஏன் சிரமம்? அவர் பதில் எழுதவில்லை. அடுத்த பயணத்தில் இன்னும் பெரிய பையோடு வந்து நின்றார்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. வெளிநாட்டுக் கடைகளில் பிஸ்கட்டுகள் ஒரே டப்பாவில் மொத்தமாகக் கிடக்கும். "அந்த ஊர்க்காரங்களுக்கு எல்லாம் தெரியும், தனித்தனியா சுத்த மட்டும் தெரியாது," என்பது அவருடைய நெடுநாள் குறை. அதனால் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் மெல்லிய தாள்கட்டு ஒன்று எப்போதும் இருக்கும். வேலை முடிந்ததும் ஓட்டல் கட்டிலில் துண்டை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சுற்றி, ஓரத்தை மடித்து வைப்பார். விமான நிலையத்தில் ஒருமுறை அதிகாரிகள் இதையெல்லாம் பிரிக்கச் சொல்லி, அவர் அழாக்குறையாக நின்ற கதையை மனைவி ஃபுசாயே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இத்தனை சுற்றியவர் ஒரு துண்டை வாயில் போட்டதில்லை. "பந்தி வைக்கிறவன் நடுவுல உக்காந்து சாப்பிடுவானா?" என்பார்.

இவர்களுடைய மினோமுஷி நிறுவனம் சைக்கிள் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த காலத்தில் ஒரே ஒரு டப்பா போதும். தோக்கியோவின் காமி-இகுசா பகுதியில் ரயில்பாதையை ஒட்டிய கட்டடம். ரயில் போகும்போதெல்லாம் கோடு கோணிவிடும் என்பதால் எல்லோரும் பென்சிலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். நுமாட்டா அதற்கு முன் ஊறுகாய் விற்றுக்கொண்டிருந்தவர். படம் வரையத் தெரியாது; வரைந்ததைத் தொலைக்காட்சி நிலையங்களுக்குக் கொண்டுபோய் விற்கத் தெரியும். "முள்ளங்கிய விட இது லேசு. அழுகாது," என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தாராம்.

இசோகாய்தான் அங்கே இயக்குநர். நுமாட்டாவைவிட ஆறேழு வயது மூத்தவர், மியாகோ துறைமுகத்துக்காரர். அவர் சிறுவனாக இருந்தபோது அப்பா மீன் பிடிக்கக் கடலுக்குப் போனார். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இதை அவர் யாரிடமும் உட்கார்ந்து சொன்னதில்லை. ஆனால் 'சியோவின் படகு' என்று ஒரு தொடர் எடுத்தார். கடலுக்குப் போன அப்பாவுக்காகக் கரையில் காத்திருக்கும் சியோ என்ற சிறுமியின் கதை. கடைசிக்கு முந்தைய வாரம், வலையில் சிக்காமலிருக்க அவள் தன் நீளமான முடியை வெட்டிக்கொள்கிறாள். கடைசி வாரம், அப்பா வரவே மாட்டார் என்று தெரிந்து, படகைத் தானே தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகிறாள். நுமாட்டா அதைப் பார்த்துவிட்டுக் கழிவறையில் போய் முகம் கழுவினார். அப்போது இசோகாய் அவரை, "டேய் ஊறுகா, இத வித்துருவியா?" என்றுதான் கேட்டார். அப்படிக் கூப்பிடும் உரிமை அவர் ஒருவருக்குத்தான்.

தொடர் இங்கே எடுபடவில்லை. மாதம் முடிந்தால் கம்பெனியை மூட வேண்டும் என்ற நிலையில் நுமாட்டா ஒளிநாடாக்களைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கச் சந்தைக்குப் போனார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் 'ஓகே'யும் 'நோ ப்ராப்ளம்'மும். வாங்க வந்தவர் நல்ல மனிதர்தான். எல்லா நாடுகளுக்குமாக எடுத்துக்கொள்கிறேன், ஒன்றே ஒன்று, முடிவில் அப்பா திரும்பி வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைகள் அழுவார்கள் என்றார். காலையில் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நுமாட்டா ஓட்டல் அறையில் உட்கார்ந்து பிஸ்கட் சுற்றினார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே தொலைபேசி இருந்தது. தோக்கியோவில் அப்போது பகல், இசோகாய் மேசையில்தான் இருப்பார். கேட்டால் மாட்டேன் என்பார் என்று நுமாட்டாவுக்குத் தெரியும். அதனால்தான் எடுக்கவில்லை. காலையில், "நோ ப்ராப்ளம்," என்றார்.

கம்பெனி பிழைத்தது. பிழைத்ததா, கொழித்தது! அந்த ஒரு தொடர் போன நாடுகளிலிருந்தெல்லாம் வேறென்ன இருக்கிறது என்று கேட்டு வந்தார்கள். ஓகிகுபோவில் ஒரு மாடி, பிறகு மூன்று, பிறகு கட்டடமே சொந்தம். தயாரிப்பது ஒரு பக்கம், அடுத்தவர் தயாரித்ததை வாங்கி வெளிநாட்டில் விற்பது ஒரு பக்கம். விற்கிற பக்கம் மளமளவென்று வளர்ந்து ஷின்ஜுகுவில் தனி அலுவலகமே போட்டுவிட்டது. இன்று அங்கே நன்றாக ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற நுமாட்டாவுக்கு 'ஆலோசகர்' என்று ஒரு நாற்காலி. யாரும் ஆலோசனை கேட்பதில்லை என்பதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

விற்ற தொடரின் ஒளிநாடா, இந்த வளர்ச்சிக்கெல்லாம் முன்பே, சில மாதங்களில் வந்தது. எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்கள் புதிதாக எதையும் வரையவில்லை. ஆரம்பத்தில் ஓர் இடத்தில், அப்பா கூடை மீனோடு கரையிறங்க, சியோ ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள். அதையே வெட்டிக் கொண்டுவந்து கடைசியில் ஒட்டியிருந்தார்கள். இசோகாய் எழுந்தார். "சியோவுக்கு முடி வளந்துடுச்சே," என்றார். அவ்வளவுதான். கத்தவில்லை, மேசையைக் குத்தவில்லை, வேலையை விடவில்லை. மறுநாள் காலை நுமாட்டாவைப் பார்த்து, "வாங்க நுமாட்டா சான், உடம்பெல்லாம் சௌகரியமா இருக்கா?" என்று கேட்டார். ஊறுகாய் போய் மரியாதை வந்துவிட்டது. ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று நுமாட்டாவுக்கு இருந்தது.

அன்றிலிருந்து நுமாட்டா கொண்டுவரும் பிஸ்கட்டை இசோகாய் தொட்டதில்லை. வைக்கும்போது, "ரொம்ப நன்றி," என்பார். வைத்த இடத்திலேயே அது கிடக்கும். சாயங்காலம் பக்கத்து மேசைக்காரன், "சார், இது உங்களுக்கு வேணாம்னா..." என்று இழுப்பான்; அவர் தள்ளிவிடுவார். இசோகாயின் பக்கத்து இடத்துக்கு ரெட்டைப் பங்கு இடம் என்றே பெயர் விழுந்துவிட்டது. அங்கே உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தொப்பை போட்டார்கள் என்று ஒரு கேலி உண்டு. நுமாட்டாவும் அதைக் கேட்டுச் சேர்ந்து சிரிப்பார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை வாயில் வந்தபாடில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பிஸ்கட் கொடுத்துக்கொண்டே இருந்தார், அந்த வார்த்தையை மட்டும் கொடுக்கவில்லை.

போன மாதம் 'சியோவின் படகு' ஒப்பந்தக் காலம் முடிந்து உரிமை திரும்பி வந்தது. இணையத்தில் படம் காட்டும் பெரிய நிறுவனம் ஒன்று பழைய தொடர்களையெல்லாம் கேட்டது. "நான் போறேன்," என்றார் நுமாட்டா. ஷின்ஜுகு பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சார், இதெல்லாம் இப்ப வீடியோ கால்ல முடிஞ்சுரும்." "தெரியும்டா. நான் போறேன்." மூட்டுவலியோடு பத்து மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து போனார். இசோகாய் எடுத்தபடியே காட்ட வேண்டும், ஒட்டுப்போட்ட பிரதி எங்கும் இருக்கக் கூடாது என்று எப்படியெல்லாம் சண்டை போடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த அந்த நிறுவனத்து இளம்பெண், மொழிபெயர்ப்பாளர் முடிப்பதற்குள், "நோ ப்ராப்ளம்," என்றாள். இப்போது எல்லோருக்கும் அசல்தான் வேண்டுமாம். நுமாட்டாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவு லேசா? அன்றைக்கும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருந்தால்? அன்றிரவு பிஸ்கட் சுற்றிய கை பலமுறை நின்றுவிட்டது.

இப்போது மூன்றாம் மாடி முடிந்தது. பையில் ஒன்றுதான் பாக்கி. முதல் மாடியில் ஜன்னலோரம், அடியில் விளக்கெரியும் சாய்மேசையில் இசோகாய் இன்னும் பென்சிலால்தான் வரைந்துகொண்டிருக்கிறார். பக்கத்து இடத்துக்காரன் நூடுல்ஸ் சாப்பிடப் போயிருந்தான்.

"இசோகாய் சான், ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க நுமாட்டா சான்." பென்சில் நிற்கவில்லை.

"சியோ நம்ம கைக்கே வந்துடுச்சு. இந்தத் தடவ நீங்க எடுத்தபடியேதான் உலகம் பூரா போகும். ஒரு வெட்டு கிடையாது."

பென்சில் நின்றது. "அப்ப அது?"

"எது?"

"அவங்க ஒட்டினாங்களே. அப்பா வர்றது."

"அது இனி எங்கயும் வராது," என்றார் நுமாட்டா. குரலில் பெருமை வந்துவிட்டது. "அன்னிக்கு வாங்கினவங்ககிட்ட இருக்கிற பிரதியெல்லாம் அழிச்சுடணும்னு நான்தான் அடிச்சு சொன்னேன். அழிச்சாச்சுன்னு நேத்தே பதில் வந்துருச்சு."

இசோகாய் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த டேப்ப அன்னிக்கே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்," என்றார். "எங்கப்பா கடலுக்குப் போன நாள்ல போட்டுப் பாப்பேன், வருஷா வருஷம். போன வருஷம் மெஷின் தின்னுடுச்சு. உரிம திரும்பி வருதுன்னு சொன்னாங்க. சரி, எப்டியும் இன்னொரு தடவ பாத்துரலாம்னு இருந்தேன். அதே காட்சி ஆரம்பத்துல இருக்குதான், ஆனா கடைசில வந்தாத்தானே அவரு திரும்பி வந்த மாதிரி."

நுமாட்டாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப... என் மேல கோவம்?"

"இல்லாம? என்னைய ஒரு வார்த்த கேக்காம செஞ்சியே. அது இருந்துச்சு." இசோகாய் கண்களைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா அன்னிக்கு அவரு கரையில எறங்கினதும் எனக்கு அழுகையா வந்துச்சு. சந்தோஷத்துல. என் படத்த நாசம் பண்ணி வச்சிருக்கானுங்க, நான் பாட்டுக்கு உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டுட்டு நிக்கிறேன். இத எவன்கிட்ட போய் சொல்றது? உன் மூஞ்சியப் பாத்தா அந்த நெனப்புதான் வரும்."

"இந்தத் தடவயும் உங்களக் கேக்காமயே செஞ்சுட்டேன்," என்றார் நுமாட்டா. "மன்னிச்சிடுங்க. ரெண்டுக்கும் சேத்து."

"நீ திருந்தவே மாட்ட, ஊறுகா."

நுமாட்டா பையில் கைவிட்டுக் கடைசிப் பிஸ்கட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். இசோகாய் வாங்கிக்கொண்டார். தாளின் மடிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"சர்க்கரடா. டாக்டர் கறாரா சொல்லிட்டான், மூணு வருஷமாச்சு. இனி ஒண்ணும் தொட முடியாது." அவரே தாளைப் பிரித்து மேசையில் விரித்தார். "நீ தின்னு. நான் பாக்குறேன்."

பந்தி வைக்கிறவர் நின்றபடியே அதை எடுத்துக் கடித்தார். உதிர்ந்தது தாளில் விழுந்தது.

"எப்டி இருக்கு?"

"வெண்ண கொஞ்சம் ஜாஸ்தி."

"ம்," என்றார் இசோகாய். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அதில் கிடந்த துகள்களை ஆள்காட்டி விரல் நுனியில் ஒற்றி ஒற்றி எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டார்.