அண்டாவில் முழுகிய புளியங்கட்டை

அறிவியல் டீச்சராக இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு நான் செய்து காட்டாத சோதனை ஒன்று உண்டு. அதில் நான் திருட்டுத்தனம் செய்திருக்கிறேன்.

அனந்தபுரம் பக்கத்தில் அண்ணனுக்கு நிலம். அதன் ஓரத்தில் ஒரு பெரிய புளியமரம். அதன் நிழலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, சரியாகக் காய்ப்பதில்லை, வெட்டிவிட்டுச் சவுக்கு நடப்போகிறேன் என்று திண்டிவனத்தில் இருக்கும் எனக்குப் போனில் சொன்னான். பத்து நாளில் மரம் வெட்டுகிறவர் வருகிறாராம். அந்த மரத்தை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் சிரிப்பான். அதனால் கார்பனை இழுத்தேன்.

"மரம் காத்துலேர்ந்து கார்பன எடுத்துத்தாண்ணா ஒடம்ப வளக்குது. புளி கெட்டி மரம், நெறைய சேத்து வெச்சிருக்கும்."

"சவுக்கு நாலு வருசத்துல ஜல்தியா வளந்துடுது. உன் புளி தூங்கிக்கினு நிக்குது. யாரு வேகமா சேக்கறது, டீச்சரம்மா?"

நியாயமான கேள்வி. அதுதான் எரிச்சல். சவுக்கு வேகமாகச் சேர்க்கும்தான். ஆனால் வெட்டி அடுப்பில் வைத்தால் சேர்த்ததெல்லாம் புகையாகக் காற்றுக்கே திரும்பிவிடும். புளி மெதுவாகச் சேர்த்து, தலைமுறைக்கும் விடாமல் பிடித்து வைத்திருக்கும். இதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். பொறுமைக்கும் எனக்கும் தூரம். ஞாயிற்றுக்கிழமை வந்து கண்ணெதிரே காட்டுகிறேன் என்று சவால் விட்டேன்.

பள்ளிக்கூடத்துப் புளியமரத்தில் ஒடிந்து கிடந்த கிளையில் ஒரு துண்டு எடுத்து, ஆய்வுக்கூட வாளியில் கல்லை ஏற்றி வாரம் முழுக்க ஊறப்போட்டேன். சவுக்குத் துண்டை மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன்.

ஞாயிறன்று அண்ணி அண்டா நிறையத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். முருங்கைக் கட்டையைப் போட்டேன், பஞ்சாக மிதந்தது. அடுத்தது பனைத் துண்டு. பனைக்கு வெளிப்பக்கம்தான் வைரம் பாய்ந்த கெட்டி, உள்ளே வெறும் மெத்தென்ற சோறு. அந்தத் துண்டு கெட்டிப் பக்கத்தைக் கீழே சாய்த்துக்கொண்டு மிதந்தது. இந்த இரண்டிலும் பொய் இல்லை. அடுத்துச் சவுக்கு, அதுவும் மிதந்தது. கடைசியில் புளியைப் போட்டேன். நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

"பாத்தியா? அவ்வளவும் கார்பன் கனம்!"

அண்ணன் கட்டையை வெளியே எடுத்து மோந்து பார்த்தான். மரம் வெட்டுகிறவருக்குப் போன் போட்டு, "வர வேணாம்பா" என்றான். நான் மிதப்பாக பஸ் ஏறினேன்.

மாசி மாதம் என் வீட்டு வாசலில் ஆட்டோவில் மூன்று மூட்டை வந்து இறங்கியது. எல்லாம் புளி. ஓடு உடைக்கவில்லை, நார் கிழிக்கவில்லை, கொட்டை எடுக்கவில்லை.

"பழத்துலயும் கார்பன் தான இருக்குது? நீயே சேத்து வெச்சிக்க," என்றான் போனில்.

முதல் மூட்டையைப் பிரித்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போனது. போனை ஸ்பீக்கரில் போட்டுத் திட்டினேன்.

"இன்னா பேஜாருண்ணா இது! ஆள் வெச்சு எடுத்து அனுப்பறதுக்கு இன்னா?"

"கட்டைய ஊறவெக்கப் பொறும இருந்துச்சில்ல? இதையும் ஒக்காந்து பண்ணு."

கையிலிருந்த புளியைக் கீழே வைத்தேன். "தெரிஞ்சிமா மரத்த உட்ட?"

"பாசி நாத்தம் அடிச்சிது. வாத்தியாரா இருந்துக்கினு பொய் சொல்ற அளவுக்கு உனக்கு அது வேணும்னா, நிக்கட்டும்னு உட்டேன்."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புளிக் கையாலேயே துடைத்துத் தொலைத்தேன்.