லோரன்ஸ் அண்ணனின் மொனிட்டர்

1. எல்லாம் நடுவில்

சவுண்ட் வேலைக்கு வந்து பத்து வருடம் நான் செய்தது கோயில் திருவிழாக்களுக்கும் கூட்டங்களுக்கும் பெட்டி அடுக்குவதுதான். முழு இசைக்குழு ஒன்றுக்கு மிக்சரில் உட்கார்ந்த முதல் நாள், செங்கலடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பகல் விருந்து. அந்தக் குழுவில் லீட் கிற்றார் வாசித்தவர் லோரன்ஸ் அண்ணன். கிழமை நாட்களில் வாகனங்களுக்கு பெயின்ற் அடிப்பார், சனி ஞாயிறில் மேடை.

புதுப் பெருமையில் நான் அவருடைய சனலில் ட்ரெபிளை ஏற்றி, மிட்டை வெட்டி, எதிரொலிக்கு ரிவேர்ப் அள்ளிப் போட்டு வைத்திருந்தேன். அவர் இரண்டு வரி வாசித்துவிட்டு நிறுத்தினார். மேடையை விட்டு இறங்கி வந்து, தன் சனலில் இருந்த குமிழ்கள் எல்லாவற்றையும் நடுவுக்குத் திருப்பினார்.

"தம்பி, என்ட சத்தத்த நீ செய்யாத. அத நான் செய்யிறன். நீ எனக்கும் சனத்துக்கும் அத அப்படியே கேக்க வை, அதுவே காணும்."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவர் வாசித்தார், அந்தக் குமிழ்களை நான் திரும்பத் தொடவில்லை.

2. எந்தப் பெடல்?

இளம் கிற்றார்காரர்கள் இன்றும் என்னிடம் கேட்பது இதைத்தான்: "அவர் எந்தப் பெடல் பாவிச்சவர்?" ஒரு ஓவர்டிரைவ் பெடல், அதிலும் கரகரப்பைக் கூட்டும் கெயின் கால்வாசிகூட இல்லை. பழைய வால்வு அம்ப் ஒன்று. பின்பலகை கழன்று போய், உள்ளே கண்ணாடி வால்வுகள் சிவந்து எரிவது வெளியே தெரியும். அவ்வளவுதான். கெயினைக் கூட்டினால் எல்லாக் கைக்கும் ஒரே குரல்தான் வரும். அவர் குறைத்து வைத்ததால் கையின் குரல் வெளியே வந்தது.

கம்பியின் அதிர்வைப் பிடிக்கக் கழுத்துப் பக்க பிக்கப், டோன் குமிழ் பாதிக்குக் கீழே, மீட்டத் தடித்த பிக். முக்கியமானது இடக்கை மோதிர விரல். அந்த விரலால் கம்பியை மேலே தள்ளி, சுரத்தை உடனே பிடிக்காமல், மயிரிழை கீழே ஒரு கணம் நிறுத்தி, பிறகு ஏறிப் போய்ச் சேருவார். சேர்ந்த பிறகே நடுக்கம் கொடுப்பார். கம்பி எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை விரல் நுனிதான் அவருக்குச் சொல்லும், காது பிறகுதான் கேட்கும். இதைக் கடையில் வாங்க முடியாது. எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடிக்கும். பின்னால் நான் செய்த பிழைக்கும் அந்தப் பிரியம்தான் காரணம்.

3. பூசி மெழுகிய வருடம்

பல வருடங்கள் அவருக்குப் பக்கத்தில் இருந்து கேட்டவன் என்பதால் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. கம்பியைத் தள்ளும்போது சுரம் போய்ச் சேரவில்லை. சில நேரம் தாண்டிப் போனது.

"அண்ணே, டியூனிங்க ஒருக்கா பாருங்க."

"கம்பி துருப்பிடிச்சிட்டு தம்பி. வாவிக் காத்துதானே."

புதுக் கம்பி போட்டார். அப்போதும் அப்படியே. பிக் கையிலிருந்து நழுவி விழத் தொடங்கியது. குழுவின் தலைவர் நவம், கீபோர்ட் வாசிப்பவர், அவரிடம் மெல்லச் சொன்னேன்.

"எனக்கும் விளங்குது மச்சான்," என்றார் நவம். "சொல்லிராத. மனுசன் உடஞ்சு போயிருவான். நீ அங்கால இருந்து ஏதாச்சும் சமாளி."

சமாளித்தேன். அவருடைய சனலில் கோரஸ் போட்டேன். ஒரு சத்தத்தை இரண்டாக்கி மெல்ல ஆட்டுகிற எஃபெக்ட் அது, கால் சுரம் குறைந்தாலும் பிடிபடாது. மேலே சத்தத்தைத் திருப்பிச் சொல்லும் டிலே, அதற்கு மேலே ரிவேர்ப். லீட் வரியை நவம் வயலின் சத்தத்தில் கூடவே வாசித்தார். அம்பிலிருந்து வெறும் சத்தம் நேராக வெளியே வந்தால் குட்டு வெளிப்படும் என்று, "மேடைச் சத்தம் கூட அண்ணே" என்று பொய் சொல்லி அதையும் குறைக்க வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. லோரன்ஸ் கிற்றார் முன்னையைவிடப் பெரிதாகக் கேட்கிறது என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

வாசிப்பவர் தன் சத்தத்தைத் தானே கேட்க அவர் காலடியில் இருந்த மொனிட்டர் பெட்டிக்கும் அதே பூசிய சத்தத்தையே அனுப்பினேன். அவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்தேன். அந்தச் செட்டிங்குக்கு மிக்சரில் 'லோரன்ஸ் லீட்' என்று பெயர் வைத்துச் சேமித்தேன்.

4. பெரியகல்லாறு

ஒரு வருடம் இப்படியே ஓடியது. பெரியகல்லாற்றில் ஒரு தேவாலயத் திருவிழா. பின்னேரம் மூன்று மணிக்கு சத்தம் பார்க்கும்போது அவருடைய அம்ப் கரகரத்தது. வால்வு ஒன்று அது செருகியிருந்த குழியில் இளகியிருந்தது. அம்பை நிறுத்திவிட்டுக் குனிந்தார். வலக்கையில் போனின் டோர்ச், இடக்கையால் வால்வைப் பிடித்து ஆட்டி ஆட்டி இறுக்கினார். அரை மணித்தியாலம் எரிந்த வால்வு அது. ஆறுவதற்குள் தொட்டால் யாரும் கையை உதறுவார்கள்.

அவர் உதறவில்லை. நான் வயர் சுற்றிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். தோல் கருகும் மணம் வந்தது.

"அண்ணே, கை! கைய எடுங்க!"

அவர் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துத்தான் தன் கை சுடுகிறது என்று அறிந்தார்.

"ஒண்டுமில்ல," என்றார். விரல்களில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு அன்று வாசித்தார். நானும் 'லோரன்ஸ் லீட்' போட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

மூன்று கிழமையில் மோதிர விரல் கறுத்தது. சீனி வருத்தம், நீரிழிவுதான், நரம்பு ஏற்கனவே செத்துப்போயிருந்தது என்றார்கள் ஆஸ்பத்திரியில். அந்த விரலை அடியோடும் நடுவிரலைப் பாதியோடும் எடுத்தார்கள். முதலே வந்திருந்தால் மருந்தோடு பார்த்திருக்கலாம் என்று டொக்டர் அவர் மனைவியிடம் சொன்னாராம்.

5. வெறும் சத்தம்

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"விரல் நுனி மரத்துத்தான் கிடந்தது தம்பி. கிளினிக்குக்குப் போகச் சொன்னாங்க, நான் பரிசாரியிட்ட கசாயம் வாங்கிக் குடிச்சன். வாசிப்புப் பிழைச்சா போவம் எண்டு இருந்தன். ஒவ்வொரு மேடையிலும் மொனிட்டரத்தான் கேட்டன். நல்லாத்தானே கேட்டது. முதலவிட நல்லா கேட்டது. அப்ப கசாயம் வேலை செய்யிது எண்டு நினைச்சன்."

தன் வருத்தத்தை அளக்க அவர் வைத்திருந்த ஒரே அளவுகோலில் நான் ஒரு வருடமாகப் பொய் எழுதி வந்திருந்தேன்.

மறைக்க மனம் வரவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் மிக்சர் ஒவ்வொரு சனலையும் எஃபெக்ட் சேராமல் தனியே பதிந்து வைக்கும் என்பது அவருக்குத் தெரியும். "அந்த வெறும் சத்தம் இருக்கா?" என்று கேட்டார். அடுத்த நாள் கொண்டு போனேன். ஹெட்போனைப் போட்டுக்கொண்டார். கம்பி சுரத்தைத் தேடித் தேடித் தவறும் அந்த வாசிப்பை முழுப் பாட்டும் கேட்டார். இடக்கையில் மிஞ்சிய விரல்கள் மடியில் அசைந்தன.

ஹெட்போனைக் கழற்றி என்னிடம் தந்தார்.

"இத நான் ஒருநாள் கேட்டிருந்தா அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பன்."

பிறகு, கோபம் இல்லாத குரலில், "முதல் நாளே உனக்குச் சொன்னன்தானே தம்பி," என்றார்.

அவர் என்னை ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அதற்குப் பிறகு அவர் மேடைப் பக்கமே வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சனத்துக்கு அனுப்பும் சத்தத்தில் என்ன வேண்டுமானாலும் பூசுங்கள், அது தொழில். வாசிப்பவனின் மொனிட்டரில் அவன் கையிலிருந்து வருவதை மட்டும் விடுங்கள். பிழை கேட்டால் இறங்கிப் போய் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். உடைந்து போவான் என்று பயப்படாதீர்கள்.

'லோரன்ஸ் லீட்' இன்னும் மிக்சரில் இருக்கிறது. கேட்டு வருகிற பெடியன்களுக்கு அதைக் கொடுப்பதில்லை, அழிக்கவும் இல்லை. ஒவ்வொரு மேடையிலும் மிக்சரைப் போட்டதும் பட்டியலில் அந்தப் பெயர் வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் மொனிட்டர்களைத் திறக்கிறேன்.