வெல்டரம்மாவின் கன்னம்

பட்டறையில் அவளுக்குப் பேர் வெல்டரம்மா. பள்ளிக்கூடத்தில் சல்லடை. பதினாலு வயதில் இரண்டு கன்னத்திலும் பரு பொங்கி வந்தபோது, அம்மாதான் தினமும் வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, "முளை வெளிய வந்தாத்தான் ஆறும்" என்று நகத்தால் பிதுக்கிவிட்டாள். ஆறத்தான் ஆறியது. குழி நின்றுவிட்டது.

முப்பத்திரண்டு வயதில் வெல்டரம்மாவுக்கு அந்தக் கவலை விட்டுப்போயிருந்தது. அம்மாவுக்கு விடவில்லை. அவளுக்குக் கண் நரம்பு பட்டுப்போய், ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. பார்வை இன்னும் எட்டு மாசம் தாங்கினால் பெரிது என்று கண் டாக்டர் சொன்ன அன்று, மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"நான் பண்ணின அலங்கோலம்டி இது. சரியானதப் பாத்துட்டுத்தான் என் கண்ணு அவியணும்."

"இத்தன வருஷமாப் பாத்த மூஞ்சிதானேம்மா. இன்னும் அலுக்கலயா?"

"வாயாடாத. லேசர்னு ஒண்ணு இருக்காம்ல."

அம்மா பிடித்தால் உடும்புப் பிடி. மாசத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவை என்று முடிவாயிற்று.

"குழி அடியோட மறையாதும்மா, ஆழம் குறையும்" என்றார் தோல் டாக்டர். "வெயில் மட்டும் படவே கூடாது."

களிம்பு தடவி மரக்கவைத்து, கண்ணை மூடிக் கட்டி, கருவியை வைத்ததும் கன்னத்தில் பொடிப்பொடியாகச் சுட்டது. கருகல் வாசனை அவளுக்குப் புதிதா என்ன?

"எத்தன ஆம்பியர் வச்சிருக்கீங்க, டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். இவளுக்கு என்ன வேலை என்று கேட்கவில்லை.

முதல் இரண்டு தடவையும் லீவு போட்டாள், நன்றாக ஆறியது. மூன்றாவது முடிந்த மறுநாளே பட்டறை முதலாளி வந்து நின்றார், ஒரு மாடிக் கைப்பிடி அவசரமாக வேண்டுமென்று.

"வெயில்ல வரமாட்டேண்ணே. டாக்டர் சொல்லிட்டாரு."

"யாரும்மா வெயில்ல கூப்பிட்டா? கூரைக்குள்ளதானே வேல."

நியாயம்தானே என்று அவளுக்கும் பட்டது. தலையைத் துணியால் போர்த்திக்கொண்டு போனாள்.

நீளமாகப் பற்றவைக்கும்போது கையில் கவசத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் கம்பியை முதலில் ஒட்டி நிறுத்த ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பற்றவைக்கும் கோல். கவசத்துக்கு மூன்றாவது கை ஏது? கண்ணை இறுக மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வைப்பார்கள். எல்லா வெல்டரும் செய்வதுதான். எத்தனை பேர் செய்தாலும் தப்பு தப்புதான். திருப்பினால் கண் தப்பும், கன்னம் போய் முன்னால் நிற்கும். அன்றைக்கு நாற்பது கம்பி, இந்தப் பக்கம் திரும்பிப் பாதி, அந்தப் பக்கம் திரும்பிப் பாதி. வெயிலை வாசலில் நிறுத்திவிட்டு, அதன் தாயாரை உள்ளே வைத்துக் கொஞ்சினாள்.

பத்து நாளில் இரண்டு கன்னமும் கருத்துவிட்டன.

"அந்த வெல்டிங் வெளிச்சம் வெயிலுக்கு மேலம்மா" என்று டாக்டர் தலையில் கைவைத்தார். "கேக்காம விட்டது என் தப்பு. இது மங்க ஒரு வருஷம் ஆகும்."

ஒரு வருஷம் அம்மாவின் கண்ணில் ஏது? நான்கு நாள் அம்மாவுக்குப் பார்வை இல்லாத பக்கமாகவே உட்கார்ந்து சோறு போட்டாள். ஐந்தாம் நாள் அம்மா தட்டை நகர்த்தினாள்.

"ஒளிஞ்சது போதும். வெளிச்சத்துக்கு வா."

அதே வாசல். மீதமிருந்த பார்வையால் அம்மா துழாவித் துழாவிப் பார்த்தாள்.

"என்னடி, கரி அப்பின மாதிரி இருக்கு?"

நடந்ததைச் சொன்னாள். அம்மா திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கட்டைவிரலையும் கன்னத்தில் வைத்தாள். எப்போதிருந்தோ அந்த நகங்களை ஒட்ட வெட்டியே வைத்திருந்தாள்.

"குழி மேடேறியிருக்குடி."

"கருத்துப்போச்சேம்மா."

"அது கைக்குத் தெரியல." விரல் மெல்ல நகர்ந்து, காதோரம் ஓர் இடத்தில் நின்றது. "இது மட்டும் ஏறல. அன்னைக்கு நீ கத்தின. நான் விடல."

"எனக்கு ஞாபகமில்லம்மா."

பொய் என்று இருவருக்கும் தெரியும். அம்மா விரலை எடுக்கவில்லை. அவளும் முகத்தைத் திருப்பவில்லை.