காது அக்காவும் எங்கள் பதினெட்டு நிமிடமும்

அவருக்குக் காது அக்கா என்று பெயர் வைத்தது எங்கள் டிரம்மர். நாங்கள் நான்கு பேரும் ஒரே சமயத்தில் போட்டுச் சாத்திக்கொண்டிருந்தபோது, என் பேஸ் கிதாரின் மூன்றாவது தந்தி மட்டும் ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது என்று அரங்கத்தின் கடைசியிலிருந்து மூன்று விரலைக் காட்டிச் சொன்னார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். நூற்றிருபது பேர் உட்காரக்கூடிய அந்தப் பழைய துணிக் கிடங்கு அரங்கத்துக்கு அவர்தான் ஒலி அமைப்பாளர். பகலில் கம்பெனிக் கூட்டங்களுக்கு மைக் வைப்பார். சாயங்காலம் எங்களைப் போன்றவர்களுக்காக, ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் முன்னால் உட்காருவார். நாற்பது தாண்டியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "காலையில பேச்சு, சாயங்காலம் சத்தம். வீட்டுலயாவது அமைதியா இருக்க வேணாமா?" என்பார்.

நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். முதல் கிதார் வாசிப்பவர் பல் டாக்டர். எங்கள் இசை முழுக்க அவர் அமைத்தது. நாங்கள் வாசித்தது போஸ்ட் ராக். ராக் இசையின் அதே கிதார், அதே டிரம்ஸ்தான். ஆனால் பாடகர் கிடையாது, பல்லவி கிடையாது. ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில் ஒற்றைத் தந்தியாகத் தொடங்கும். அடுத்தவர் சேருவார், பிறகு இன்னொருவர். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, முடிவில் கேட்பவனின் விலா எலும்பு அதிரும். எங்களுடைய பெரிய உருப்படி பதினெட்டு நிமிடம். முதல் தடவை வந்த என் மாமனார், எட்டாவது நிமிடத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம், "இன்னுமா டியூன் பண்றாங்க?" என்று கேட்டாராம்.

காது அக்காவுக்கும் ஆரம்பத்தில் நாங்கள் ஒரு வேலைதான். எப்போது மாறியது என்று தெரியாது. ஒருநாள் எங்களுக்குச் சொல்லாமலே, கச்சேரிக்கு முந்தைய சவுண்ட் செக்குக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்து ஸ்பீக்கர்களைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். காரணம் கேட்டேன்.

"நாள் முழுக்க ஆளாளுக்கு மைக்கைப் பிடிச்சு எனக்கு எதையாவது சொல்லிக்கிட்டே இருக்காங்க. உங்க பாட்டுல யாரும் எனக்கு எதையும் சொல்ல வரல. அதான்."

அப்போது எங்கள் சனிக்கிழமைக் கச்சேரிக்கு நூறு பேர் வருவார்கள். பிறகு எழுபது, ஐம்பது. கூட்டம் குறைந்தது ஒரு பக்கம் என்றால், வந்தவர்களாலும் அந்த முதல் ஆறு நிமிட அமைதியைத் தாங்க முடியவில்லை. போன் திரைகள் ஒளிரும். "எங்க இருக்க? நான் உள்ள வந்துட்டேன்" என்று யாராவது பேசுவார்கள். டாக்டர் நொந்துபோய், அமைதியை மூன்று நிமிடமாக வெட்டலாமா என்றார். காது அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"கீழே இறங்காம மேல ஏற முடியாது டாக்டர். அதை வெட்டினா இது வெறும் கத்தல்."

அமைதிதான் போகப்போகிறது என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். முதலில் போனது சத்தம்.

அரங்கத்துக்குப் பின்னால் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பியிருந்தது. அதில் மூன்றாம் மாடி வீட்டைத் தன் தங்கைக்குப் பிடித்துக் கொடுத்தவரே காது அக்காதான். தங்கை வீட்டுக்காரர் கிரேன் ஓட்டியவர். வேலையிடத்தில் விழுந்து தலையில் அடிபட்டு, பேச்சு போய், வலது கை போய், வீட்டோடு கிடந்தார். லிஃப்ட் இருக்கிறது, வாடகை குறைவு, கூப்பிட்டால் ஓடிவர நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று சொல்லிக் கூட்டிவந்து குடிவைத்தார்.

அடுத்த வருடம் அரங்க மேலாளர் ஒரு காகிதத்தை மிக்ஸர் மேல் வைத்தார். எங்கள் சத்தத்தைப் பற்றி நகர அலுவலகத்துக்குக் குடியிருப்புக்காரர்கள் கொடுத்த புகாரின் நகல். முப்பத்தொரு கையெழுத்து. ஒன்பதாவது, தங்கையுடையது.

காது அக்கா அந்தக் காகிதத்தோடு மாடியேறினார். அங்கே நடந்ததைப் பிற்பாடு அவரே எனக்குச் சொன்னார்.

"இது நீ போட்டதா?"

"ஆமாக்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? சத்தத்தைக் குறைச்சா உங்க ஆளுங்க கோவிச்சுக்குவாங்க. குறைக்கலைன்னா நான். உன்னை எதுக்கு நடுவுல மாட்டி விடணும்னுதான் பேசாம போட்டேன்." பிறகு தங்கை சொன்னாள்: "சனிக்கிழமை ஆறு மணியானா அவர் கதவையே பார்த்துக்கிட்டு இருக்காருக்கா. உடம்பெல்லாம் விறைச்சுப் போகுது. பிடிச்சு வைக்க எனக்குத் தெம்பில்ல."

கோபப்பட்டுக்கொண்டு போனவர், கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் திரும்பி வந்தார்.

அடுத்த சனிக்கிழமை சவுண்ட் செக்கில், "கடைசி அஞ்சு நிமிஷத்தை வாசிச்சுக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். நாங்கள் வாசித்தோம். கை ஓய்கிற வரைக்கும் வாசித்தோம். இருபது நிமிடம் கழித்து வந்தார். சட்டையின் ஒரு கைப்பகுதி கசங்கி, ஈரமாக இருந்தது. தங்கை வீட்டில் மாப்பிள்ளை அதைத்தான் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"என்னக்கா, கேட்டுச்சா?" என்றார் டாக்டர்.

"கேட்டுச்சு. ஆனா அது நம்ம பாட்டு இல்ல. கிதார் மேல வரவே இல்ல டாக்டர். ஏத்தம் இல்ல, இறக்கம் இல்ல. யாரோ சுவத்தை உடைக்கிற மாதிரி இடி மட்டும் வருது. எப்ப நிக்கும்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கே பயமா இருந்துச்சு."

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் செய்யாதது இல்லை. பின்சுவரில் பழைய மெத்தைகளை அடுக்கினார். ஸ்பீக்கர்களைத் தரையிலிருந்து எடுத்து ரப்பர் மேல் வைத்தார். என் பேஸின் தாழ்ந்த அதிர்வை வெட்டினார். வெட்டுகிற ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சுக்கப்பா" என்றார். கூட்டத்தை மேடைக்குப் பக்கத்தில் நெருக்கி உட்காரவைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு தங்கைக்குப் போன் செய்வார். "இப்ப?" என்பார். பதிலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டு மறுபடி ஸ்பீக்கர்களிடம் போவார்.

பிறகு நகர அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து சுவரில் ஒரு பெட்டியைப் பொருத்தினார். நல்ல மனுஷன், தன் மகளும் கிதார் கற்றுக்கொள்கிறாள் என்றார். சத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும். ஐந்து விநாடி தொடர்ந்து எரிந்தால் மேடைக்கான மின்சாரம் தானாக நின்றுவிடும்.

"ரொம்பக் கம்மியா இருக்கே சார், அளவு?" என்றேன்.

"நான் வைக்கிறதில்லைங்க. விதியில இருக்கிறது. பேசுறதுக்கு, பாடுறதுக்கெல்லாம் தாராளமாப் போதும்" என்றார் அவர்.

அந்த அளவோடு ஒரே ஒரு கச்சேரி செய்தோம். இருபத்தெட்டு பேர் வந்திருந்தார்கள். ஆச்சரியமாக, அன்றைக்கு யாரும் பேசவில்லை. அமைதி அப்படியொரு அமைதி. டாக்டரின் முதல் தந்தி எழுந்தபோது, முன்வரிசையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். பத்து வருடத்தில் அவ்வளவு நன்றாக நாங்கள் வாசித்ததில்லை. அதுவே வினையாகிவிட்டது. பதினைந்தாவது நிமிடத்தில் டிரம்மர் தன்னை மறந்தார். நாங்களும் மறந்தோம். காது அக்காவின் இரண்டு கைகளும் மிக்ஸரில் இறங்கிக்கொண்டே இருந்தன. ஆனால் டிரம்ஸ் தோலில் விழுகிற அடியை எந்த மிக்ஸரும் குறைக்க முடியாது. சிவப்பு எரிந்தது. அவர் கையைத் தூக்கி எங்களைப் பார்த்து ஆட்டினார். நாங்கள் கண்ணைத் திறந்தால்தானே?

பட்டென்று எல்லாம் நின்றது. டிரம்மர் மட்டும் இன்னும் நான்கு அடி அடித்துவிட்டு, தனியாக நிற்பது தெரிந்து குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதுதான் முடிவு என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசைப் பெண் என்னிடம் வந்து, "அந்தக் கடைசி நிறுத்தம் இருக்கே, அபாரம்" என்றாள். நன்றி என்றேன். வேறு என்ன சொல்வது? காது அக்கா மிக்ஸரின் ஒலியளவு ஃபேடர்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிவிட்டு, நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"கரண்ட்டைத் திரும்பப் போட்டு முடிச்சிடலாமாக்கா?" என்றேன்.

"எதை முடிக்கிறது? முடிஞ்சுதுன்னு அவங்களே சொல்லிட்டாங்களே."

விடக்கூடாது என்று ஒருதடவை மின்னணு டிரம்ஸ் வைத்து, எல்லாருக்கும் ஹெட்போன் கொடுத்து வாசித்தோம். காதுக்குள் எல்லாம் துல்லியமாக இருந்தது. ஆனால் நெஞ்சில் ஒன்றும் விழவில்லை. ஆளுக்கொரு குமிழிக்குள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் படுத்துக்கொண்டே இதைக் கேட்டிருக்கலாமே என்று ஒருவர் ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் கேட்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பதிவுகளை ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். தூக்கம் வர நல்லது என்று கீழே எழுதுகிறார்கள்.

அரங்கத்தில் இப்போது நகைச்சுவைப் பேச்சு நடக்கிறது. ஒரு ஆள், ஒரு மைக். நூற்றிருபது இருக்கையும் நிறைகிறது. பெட்டியில் பச்சை விளக்கு மாறுவதேயில்லை. அதற்கும் மிக்ஸர் முன்னால் உட்காருவது காது அக்காதான்.

போன மாதம், ஊருக்கு வெளியே நான்கு மணி நேரத் தூரத்தில் ஒரு காலி தொழிற்சாலைக் கொட்டகையில் வாசிக்க எங்களைக் கூப்பிட்டார்கள். அக்கம்பக்கம் வீடே இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் சத்தம் போடலாம். நான் அரங்கத்துக்கே போய்ச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். என்ன ஸ்பீக்கர், கூரை தகரமா, சிமெண்டா என்று கேட்டுக்கொண்டே போனவர், கிழமையைக் கேட்டதும் நிறுத்தினார்.

"சனிக்கிழமையா?"

தங்கைக்கு இப்போது ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமை முழுநாள் ஷிப்ட். அன்றைக்கு மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அக்காதான்.

"வேற யாரையாவது பார்த்துக்கச் சொல்ல முடியாதா?" என்றேன்.

"யாரை?" என்றார். நிஜமாகவே என்னிடம் பெயர் இருக்குமோ என்று காத்திருந்தார்.

வேறொரு ஒலி அமைப்பாளரோடு போனோம். அவருக்கு எங்கள் இசை தெரியாது; அமைதியான இடத்தில் சத்தத்தை ஏற்றினார், ஏற வேண்டிய இடத்தில் பயந்து இறக்கினார். ஆனாலும் வாசித்து முடித்தோம், பதினெட்டு நிமிடமும். திரும்பி வரும் வழியில் காது அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எத்தனை பேர் வந்தாங்க?"

"பதினாலு."

"உங்களையும் சேர்த்தா?"

"சேர்க்காமதான்."

சிரித்தார். பிறகு, "அடுத்த தடவை கூப்பிடுவாங்களா?" என்றார்.

"அந்தக் கொட்டகையை இடிக்கப்போறாங்களாம்கா. வீடு கட்ட."

அந்தப் பக்கம் தட்டுக்கழுவும் சத்தமும், மாப்பிள்ளை எதையோ சொல்ல முயன்று முயன்று நிறுத்துகிற சத்தமும் கேட்டன. "இருங்க மாப்பிள்ளை, வரேன்" என்றார் அக்கா, என்னிடம் இல்லை. நான் வண்டியின் சன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காத்திருந்தேன். வெகுநேரம் அவர் திரும்பி வரவில்லை.