நரம்பில்லை, அது துடிக்கிறது

போன வருஷம் ஆடி மாதம், ஒரகடத்தில் நான் வேலை செய்யும் கார் உதிரிபாகக் கம்பெனியில் பகல் ஷிஃப்ட்டில் இருந்தபோது எனக்கு வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் லைனில் நிற்கவே முடியவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் வேலை பார்க்கும் என் கணவர் பைக்கில் வந்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டிரிப்ஸ் ஏற்றச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த அறைக்குப் போனார்.

இங்கே என் வலது கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் என் வலது மணிக்கட்டைப் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் முகம் மாறும். நாடி கிடைக்காது. அங்கே அழுத்தி, இங்கே அழுத்தி, கடைசியில் இடது கையைக் கேட்பார்கள். அது ஒழுங்காகத் துடிக்கும். ‘சதை போட்டுட்டீங்க’ என்பார் ஒருவர். ‘ரத்தம் கம்மி, முருங்கைக்கீரை சாப்பிடுங்க’ என்பார் இன்னொருவர். ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. அதே கையில், முழங்கை மடிப்பில், தோலுக்கு அடியிலேயே ஒன்று துடித்துக்கொண்டிருக்கும். தொட்டாலே எனக்குக் கூசும்.

அந்த வார்டு முழுவதையும் ஒரே நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சில் திருநெல்வேலி வாடை. உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்ததால் என் இடது கையில் நரம்பு அகப்படவில்லை. குத்தியதெல்லாம் வீண். வலது கையில் ரப்பர் பட்டையைக் கட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

“நல்ல தடியா ஒண்ணு இருக்குக்கா.”

“அது துடிக்கும் சிஸ்டர், அதுல வேணாம்.”

விரலை வைத்துப் பார்த்தார். “துடிக்கலையேக்கா. கைய ஆட்டாம இருங்க.”

“இவ்ளோ இறுக்கிக் கட்டினா எப்படித் துடிக்கும்? அவுத்துட்டுப் பாருங்க.”

பக்கத்தில் நின்ற என் கணவருக்குப் பொறுக்கவில்லை. “அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போவுது? கம்முனு இரு.”

வாந்தி எடுத்துக் கிடப்பவள் பேச்சு எங்கே எடுபடும்? ஊசி இறங்கியது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை தீ வைத்த மாதிரி எரிந்தது. கத்தினேன். ஊசி என்றால் வலிக்கத்தானே செய்யும் என்றார்கள். பட்டையை அவிழ்த்து டிரிப்ஸை மாட்டியதும், மருந்து இறங்குவதற்குப் பதிலாக என் ரத்தம் குழாயில் மேலே ஏறியது. பாட்டிலை இன்னும் உயரத்தில் மாட்டினார். அப்போதும் ஏறியது. நான் கையை மடக்குவதால்தான் என்று அதற்கும் எனக்கே திட்டு. நான் மடக்கவே இல்லை.

அடுத்து, வாந்தியை நிறுத்தும் மருந்தை சிரிஞ்சில் எடுத்து வந்து அதே வழியில் போடப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, இடது கையால் குழாயை மடித்துப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் வந்தால்தான் விடுவேன் என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ‘மானத்த வாங்கறியே’ என்று என் கணவர் பல்லைக் கடித்தார்.

நர்ஸ் சிரிஞ்சும் கையுமாக நின்றார். எரிச்சலோடுதான் நின்றார். ஆனால் குழாயைப் பார்த்தார். உள்ளே ரத்தம் பளீரென்ற சிவப்பில், நான் மடித்துப் பிடித்த இடம்வரை வந்து விட்டு விட்டு உந்திக்கொண்டிருந்தது. சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு, ஊசிக்கு மேலே மெதுவாக விரலை வைத்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

“மன்னிச்சிருங்கக்கா. இது நரம்பில்ல, இதயத்துலேருந்து ரத்தம் வர்ற தமனி.”

ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மற்றக் கட்டில்களிலிருந்து கூப்பிட்டார்கள், அவர் நகரவில்லை. டாக்டரும் ஓடி வந்தார். என் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கி, நிறம் திரும்புகிறதா என்று பார்த்தார். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள்.

வழக்கமாகக் கையின் பெரிய தமனி முழங்கைக்குக் கீழே, ஆழத்தில்தான் இரண்டாகப் பிரியுமாம். எனக்கு அக்குளுக்குப் பக்கத்திலேயே பிரிந்து, ஒரு கிளை தோலுக்கு அடியிலேயே இறங்கி, மணிக்கட்டுக்கு முன்னால் புறங்கைப் பக்கம் திரும்பிவிட்டதாம். வருஷா வருஷம் நாடி கிடைக்காமல் போனதற்கு முருங்கைக்கீரை சாப்பிடாதது காரணமில்லை.

“அந்த மருந்து தமனிக்குள்ள போயிருந்தா விரல் கறுத்து, எடுக்க வேண்டிக்கூட வந்திருக்கும்” என்றார் டாக்டர். கையின் ரத்தக்குழாய்கள் எல்லோருக்கும் புத்தகத்தில் இருப்பது போலவே இருப்பதில்லை, அதனால்தான் பட்டை கட்டுவதற்கு முன்பே தொட்டுப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். பிற்காலத்தில் மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு இதயப் பரிசோதனை செய்ய நேர்ந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிடச் சொன்னார். சொல்கிறேன். கேட்பார்களா என்பதுதான் என் கவலை.

வீட்டுக்குத் திரும்பும்போது என் கணவர் பைக்கை ஓட்டிக்கொண்டே, “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்றார். வேலைக்குத் திரும்பினால், லைனில் ஆளாளுக்கு ‘எங்கே, காட்டு’ என்று முழங்கையை அமுக்கிப் பார்க்கிறார்கள்.

அந்த நர்ஸ் மேல் கோபம் போய்விட்டதா என்றால், முழுசாகப் போகவில்லை. ஆனாலும், கத்துகிறவள் சொல்வது ஒருவேளை சரியாக இருக்குமோ என்று அன்று அவர் ஒரு நொடி விரலை வைத்துப் பார்த்ததால்தான் என் கை இன்று முழுசாக இருக்கிறது. யாராவது என்னிடம் வந்து வலிக்கிறது, சரியில்லை என்று நச்சரிக்கும்போது, எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தாலும், அந்த ஒரு நொடியைக் கொடுக்காமல் இருக்க முடிவதில்லை.