பார்க்கிங் லாட்டை வரைந்த சகுந்தலா

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போன் அடித்தால் அது சகுந்தலா அம்மணிதான். போன ஞாயிறும் அதே நேரத்துக்கு அடித்தது. பேசியது அவருடைய தம்பி ரவி.

"ஐயா, அக்கா போயிட்டாங்க. ராத்திரி தூங்கினவங்க காலைல எழுந்திருக்கலை."



எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவரை அறிந்தவர்கள் இந்த ஊரில் குறைவு. அதனால்தான் நம் தமிழ்ச் சங்கத்து மலரில் நாலு வார்த்தை வரட்டும் என்று கேட்டேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் மகன் என்னை அமெரிக்காவுக்கு, டெக்சஸில் இந்த இர்விங்குக்கு அழைத்து வந்தான். காலை எட்டு மணிக்குள் அப்பார்ட்மெண்டே காலியாகிவிடும். அத்தனை கார்களும் போனபின் பார்க்கிங் லாட் அறுவடை முடிந்த சோளக்காடு மாதிரிக் கிடக்கும். டிவியைப் போட்டால் யாரோ எதற்கோ சிரிப்பார்கள். மாலை வரை பேச ஆளில்லை.

எதிர் மாடி பால்கனியில் மட்டும் ஒரு அம்மாள் நின்றுகொண்டு கீழே பார்த்து எதையோ வரைந்துகொண்டிருப்பார். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏனுங்க அம்மணி, தரையவே பாக்கறீங்க, ஏதாச்சும் விழுந்துருச்சுங்களா?"

"இல்லைங்க ஐயா, எண்ணெய்க் கறையைப் பாக்கறேன். ஒவ்வொரு காருக்கு அடியிலயும் ஒண்ணு இருக்கு. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. உங்க பையன் கார் இருக்கே, அது நாய் படுத்திருக்கிற மாதிரி ஒழுகுது. சீக்கிரம் மெக்கானிக் கிட்ட காட்டச் சொல்லுங்க."

அப்படித்தான் பழக்கமானோம். சென்னைக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியும் தம்பி மனைவியும் வேலைக்குப் போக, அவர்களுடைய பையன் அருணைப் பார்த்துக்கொள்ள வந்தவர். நாற்பத்தைந்து வயதில் இங்கிருக்கும் கல்லூரியில் துணிக்கு டிசைன் போடும் படிப்பில் சேர்ந்தார். வாரத்தில் இரண்டு மதியம் வகுப்பு. முதல் வருஷக் கடைசியில் அச்சிட்ட துணி ஒன்றைக் காட்டி ஆசிரியையிடம் தேற வேண்டும். தேறினால்தான் இரண்டாம் வருஷம்.

"இந்த வயசுல என்னக்கா டிசைன்? அருணை ஸ்கூல் பஸ்லேருந்து யாரு பிக்கப் பண்றது?" என்று ரவி கேட்டாராம்.

"அந்த ரெண்டு மதியமும் ஐயா நிப்பார். நான் கேட்டுட்டேன்."

உண்மையில் என்னைக் கேட்கவே இல்லை. மறுநாள்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் போய் நின்றேன். எனக்கும் ஒரு வேலை கிடைத்தது.

அவரோடு படித்ததெல்லாம் பள்ளி முடித்த சிறுசுகள். துணி டிசைனில் ஒரு கட்டத்தை வரைந்து, அதையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடிப்பார்கள். ஒட்டு எங்கே என்று கண்ணுக்குத் தெரியக்கூடாது. அது அவருக்கு வந்துவிட்டது. சிக்கல் வேறு. அவர் வரைந்தது அந்தக் கறைகளையும் கார் நிறுத்தும் வெள்ளைக் கோடுகளையும். ஆசிரியை பார்த்துவிட்டு, உங்கள் நாட்டிலிருந்து ஏதாவது கொண்டு வாருங்களேன், மாங்காய், மயில் மாதிரி, என்றாராம்.

அம்மணி படிக்கட்டில் உட்கார்ந்து பொருமினார். "மாங்கா போட்டா கண்ணை மூடிட்டு பாஸ் பண்ணிடுவாங்க ஐயா. ஆனா மயிலை நான் எங்க பாத்தேன்? எங்க தெருவுல காக்காதான். இந்த ஊர்ல நான் தினம் பாக்கறது இதைத்தான். எல்லாரும் போனப்புறம் என்ன மிச்சம் இருக்கோ அதை."

கறையையே அச்சடித்தார். காட்டவேண்டிய நாளுக்கு முந்தின நாள் அருணுக்கு அம்மை போட்டுவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அந்த வீட்டை விட்டு வெளியே போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். வேப்பிலை கிடைக்காமல் லாட் ஓரத்து மரத்தின் ஏதோ இலையை வாசலில் கட்டியிருந்தார்.

"இதுக்கு ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளுங்களா?" என்றேன்.

"அவளும் புது ஊருக்கு வந்தவதானே, அட்ஜஸ்ட் பண்ணிப்பா," என்றார். இலைக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார். "ஐயா, நாளைக்குக் காட்டலைன்னா அவ்வளவுதான். மறுபடி வீட்ல கேக்க எனக்கு வாய் வராது."

நான் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்றேன். மறுநாள் துணியைச் சுருட்டிப் பால்கனியிலிருந்து போட்டார், நான் கீழே பிடித்தேன். தண்ணீர் டேங்க் தாண்டி மூன்றாவது நிறுத்தம் என்று அடையாளம் சொல்லியிருந்தார். பஸ் ஏறிப் போய்விட்டேன்.

பையன்களும் பெண்களுமாக வகுப்பு நிறைய நின்றார்கள். துணியை மாட்டினார்கள். தலை நரைத்த ஆசிரியை என்னிடம் என்னவோ கேட்டார், திரும்பவும் கேட்டார். எனக்குத் தெரிந்தது எஸ், நோ, தேங்க்யூ. மூன்றையும் சொல்லிப் பார்த்தேன், ஆகவில்லை. பிறகு சன்னல் பக்கம் போய் அவரை வரச்சொல்லிக் கை காட்டினேன். கீழே கல்லூரியின் பார்க்கிங் லாட். கார் இல்லாத ஓர் இடத்தைக் காட்டினேன், பிறகு துணியைக் காட்டினேன். கடைசியில் என்னையும் காட்டிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேனோ.

ஒரு பெண், "ஓ, ஆயில்!" என்று கத்தினாள். ஆசிரியை சிரிக்கவில்லை. சன்னலுக்கும் துணிக்குமாக வெகுநேரம் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று மாலையே அம்மணிக்குப் போன் செய்து, தேறிவிட்டீர்கள் என்று சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்தக் கோடையிலேயே ரவிக்கு வேலை மாறி எல்லாரும் ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்ற ஊருக்குப் போனார்கள். அங்கே பஸ் கிடையாது. கார் ஓட்டாதவர் வீட்டுக்குள்தான். படிப்பு நின்றது. நானும் இங்கே தனியானேன். பல வருஷம் ஞாயிறு போன்தான் மிச்சம். அதிலும் அவர் பேசியது பெரும்பாலும் அருணின் சாப்பாடு பற்றித்தான்.

சென்ற வருஷம் ஒருநாள் குரலே வேறாக இருந்தது. "ஐயா, லைசென்ஸ் வாங்கிட்டேன். ஃப்ரீவேல போறப்ப உசிரு கையில இருக்கு. இங்க ஒரு காலேஜ்ல செகண்ட் இயர்ல சேத்துக்கிட்டாங்க. இப்ப அருணே என்னை ஸ்டூடண்ட்னு கிண்டல் பண்றான்."

ஒரு பருவம் முடித்தார். அடுத்தது பாதியில்.

மகன் என்னைக் காரில் கேட்டிக்கு, அம்மணியின் உடலை வைத்திருந்த இறுதிச்சடங்குக் கூடத்துக்குக் கூட்டிப் போனான். வகுப்பில் கூடப் படித்த பிள்ளைகள் சிலர் வந்து, எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரம் நின்றார்கள். அம்மணியின் விரல்களில் நகக்கண் எல்லாம் நீலச்சாயம். அங்கிருந்த பணிப்பெண், நகப்பூச்சு போட்டு மறைத்துவிடவா என்று மெதுவாகக் கேட்டாள்.

ரவி அக்காவின் கையைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டார். "வேணாம். அப்படியே இருக்கட்டும். அவங்க படிச்சுட்டு இருக்காங்க," என்றார்.

போய்வாருங்கள் அம்மணி.