பதினைந்து நிமிடம் முந்திய கடிகாரம்

எங்கள் வீட்டுக் கடிகாரம் பதினைந்து நிமிடம் முந்தி ஓடியது. கெட்டுப்போய் அல்ல; அம்மா செய்த வேலை. அப்பாவை நாங்கள் நைனா என்போம். திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் அரக்கோணம் போய்வரும் ரயில்வே கலாசி, கடைநிலைத் தொழிலாளி. ரயில் கிளம்பும் மணியைக் கடிகாரம் காட்டிய பிறகுதான் சட்டையையே தேடுவார். அலறியடித்து ஓடுவார், ரயில் கிடைத்துவிடும். மாலையில் வந்து, "இன்னிக்கும் ஓடிப் புடிச்சிட்டேன்" என்று பெருமையடிப்பார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். கடிகார விஷயம் அவருக்குத் தெரியாது என்பது அம்மாவின் நம்பிக்கை. என்னுடையதும்.

எனக்கு ஒன்பது வயதில், சாலை அளக்கும் வேலையிலிருந்த மாமா, அம்மாவின் தம்பி, உள்ளங்கையளவு ஜி.பி.எஸ். கருவியோடு வந்தார். கோயில் மலை சிக்னலை மறைக்கிறதென்று மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார்.

"சாட்டிலைட்டுல கடிகாரம் கீது. வேகமா பறக்கறதால கொஞ்சம் பின்தங்கும். ஆனா பூமியோட இழுப்பு அங்க கம்மி. அதனால மொத்தத்துல நம்ம கடிகாரத்தவிட முந்திக்கினு போவும். ஒரு நாளைக்கு, கண்ணு சிமிட்டற நேரத்துல ஆயிரத்துல ஒரு பங்குகூட இல்ல. அப்டியே உட்டா, ஒரே நாள்ல திருத்தணிய அரக்கோணத்தாண்ட காட்டும்."

அவ்வளவு சொட்டு நேரத்துக்கே ஊர் நகருமென்றால், பதினைந்து நிமிடம் முந்திய எங்கள் வீடு சென்னையைத் தாண்டிக் கடலில்தான் இருக்கும். மாமா மேற்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்ட பாதியோடு கருவியைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடி, நாற்காலியில் ஏறி, அது காட்டிய மணிக்கு முள்ளைத் திருப்பினேன். ஊரைக் காப்பாற்றிய திருப்தியில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் நைனாவுக்குச் சென்னையில் பதவி உயர்வுத் தேர்வு. இரண்டு வருடமாகக் காத்திருந்த தேர்வு. வழக்கம்போலக் கிளம்பினார், வழக்கம்போல ஓடினார். ரயில் போய்விட்டிருந்தது. பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தேர்வறைக் கதவைச் சாத்திவிட்டார்களாம்.

மாலையில் அம்மா அழுதாள். "வழியில செருப்பு அறுந்துபோச்சு, இன்னா பண்றது" என்றார் நைனா. வாசலில் அந்தச் செருப்பு முழுசாகக் கிடந்ததை நான் மட்டும் பார்த்தேன். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் அவர் நாற்காலியில் ஏறி, முள்ளைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளினார்.

"நான்தான் மாத்தினேன் நைனா" என்று அழுதேன்.

"தெரியும், உடு."

"மறுபடியும் தப்பா வைக்கிறியே?"

"ஆங். உங்கம்மா எனக்கோசரம் வச்ச மணி அது. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாத."

மாமா சொன்ன மீதிப் பாதியைக் கல்லூரியில்தான் கேட்டேன். மேலே அனுப்பும் முன்பே அந்தச் சாட்டிலைட் கடிகாரங்களை வேண்டுமென்றே சற்று மெதுவாக ஓட வைத்துவிடுகிறார்கள். தரையில் தப்பாக ஓடுவது, மேலே போனதும் நம்மோடு ஒத்துப்போகிறது. வகுப்பில் உட்கார்ந்தபடியே நைனாவை நினைத்துக் கண் கலங்கிவிட்டது.

ஒன்பது வயதில் அதெல்லாம் எங்கே புரிந்தது? அடுத்த நாள் மாலை நைனா வியர்த்துக்கொண்டு வந்து, "இன்னிக்கு ஓடிப் புடிச்சிட்டேன்" என்றார். முந்தின நாள் மாலை அழுத அம்மா சிரித்துவிட்டாள். எல்லாம் தெரிந்துகொண்டே இந்த மனுஷர் அவளிடம் இப்படிக் கூசாமல் புளுகுகிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.